ஆறு வாரம் உழைத்து ஆண்டு முழுவதும் வாழ்ந்தவர்

மேஜை மேல் மூன்று கற்கள் இருந்தன. அழகுக்காக வைத்த சுண்ணாம்புக் கற்கள்.

கற்கள் மேல் தூசி படிந்தது. துடைத்தார். மறுநாளும் படிந்தது. இனி ஒவ்வொரு நாளும் இந்தக் கற்களுக்காகத் துணி எடுத்துத் துடைக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. அவ்வளவுதான். மூன்று கற்களையும் எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசி விட்டார்!

பைத்தியக்காரர் என்று நினைக்கத் தோன்றுகிறதா? அவருடைய ஊர்க்காரர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். படித்த சோம்பேறி என்றார்கள். அப்பன் தொழிலைக் கவனிக்காமல் காட்டில் திரிகிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

அவர்தான் ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர். காந்தியடிகள் விரும்பிப் படித்தவர்.

பென்சில் வீடு

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் கான்கார்டு என்று ஓர் ஊர். பாஸ்டன் நகரில் இருந்து சுமார் 20 மைல் தூரம். அங்கே 1817-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி ஹென்றி பிறந்தான். தந்தை கடை வைத்து நஷ்டப்பட்டவர். கடைசியில் பென்சில் செய்யும் தொழிலில் இறங்கினார். தாயார் வீட்டில் ஆட்களைத் தங்க வைத்துச் சாப்பாடு போட்டுச் சம்பாதித்தார். நான்கு பிள்ளைகள். வீட்டில் பணம் புரளவில்லை. ஆனாலும் எல்லாரும் சேர்ந்து, கெட்டிக்காரப் பிள்ளையான ஹென்றியைப் புகழ்பெற்ற ஹார்வர்டு கல்லூரிக்கு அனுப்பி வைத்தார்கள்.

1837-ம் ஆண்டு அவர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டு அமெரிக்காவில் பெரிய பணநெருக்கடி. பாங்குகள் மூடப்பட்டன. தொழிற்சாலைகள் நின்றன. வேலை தேடி ஆட்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சிலர் பேச வேண்டும். அந்தக் காலத்து வியாபார மோகம் பற்றிப் பேசும் மாணவர்களில் தோரோவும் ஒருவர்.

20 வயது இளைஞர் மேடை ஏறி என்ன சொன்னார் தெரியுமா? வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்று இருக்கிறதே, அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும் என்றார்! ஒரு நாள் வேலை செய்தால் போதுமாம். மீதி ஆறு நாளும் மனிதன் உலகத்தைப் பார்க்கவும் தன் மனத்தைப் பண்படுத்தவும் இருக்க வேண்டுமாம்.

பட்டதாரிப் பையன்களின் மேடைப் பேச்சு மறுநாள் மறந்து போகும். தோரோ மறக்கவில்லை. சொன்னதைச் செய்து பார்த்தார்.

இரண்டு வார வாத்தியார்

முதலில் வேலை கிடைத்தது. சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அவர் பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பதில்லை. மேற்பார்வைக்கு வந்த ஒருவர், அடிக்காமல் பாடம் சொல்லித் தரக் கூடாது என்று கண்டித்தார். தோரோ சில மாணவர்களைக் கூப்பிட்டு அடித்தார். பிறகு வேலையை ராஜினாமா செய்து விட்டார். வேலையில் இருந்தது இரண்டே வாரம்! அடிபட்ட பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லை.

அதன்பின் அண்ணன் ஜானுடன் சேர்ந்து சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே பிரம்பு கிடையாது. ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பாடம் நடத்தினார்கள். ஜானின் உடல்நலம் கெட்டதால் 1841-ல் அதுவும் நின்றது. அடுத்த ஜனவரியில், சவரக்கத்தி தீட்டும்போது விரலில் பட்ட சிறு வெட்டு விஷமாகி, ஜன்னி கண்டு, தம்பியின் மடியிலேயே ஜான் உயிரை விட்டார். இந்தத் துக்கத்தில் இருந்து தோரோ மீள வெகு காலம் ஆயிற்று. ஒரு பெண்ணை மணக்க விரும்பியதும் கைகூடவில்லை. பெண்ணின் தந்தை சம்மதிக்கவில்லை. தோரோ கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

இதற்கிடையே பென்சில் தொழிலிலும் கைவைத்தார். அக்காலத்து அமெரிக்கப் பென்சில்கள் மட்டமானவை. எழுதினால் கிறுக்கும், பிசுபிசுக்கும். ஐரோப்பாவில் பென்சில் கரியுடன் களிமண்ணைக் கலந்து சுடுகிறார்கள் என்று தோரோ புத்தகங்களில் தேடிக் கண்டுபிடித்தார். கரியை மாவு போல நயமாக அரைக்க ஒரு எந்திரமும் அமைத்தார். களிமண்ணின் அளவைக் கூட்டிக் குறைத்து, கெட்டியான பென்சில், மெதுவான பென்சில் என்று தரம் பிரித்தார். தோரோ குடும்பத்துப் பென்சில் அமெரிக்காவிலேயே முதல்தரமான பென்சில் என்று பெயர் எடுத்தது.

இனிப் பணம் கொட்டும் என்று நண்பர்கள் நினைத்தார்கள். அவரோ, கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றாகி விட்டது, செய்ததையே எதற்காகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஒதுங்கிக் கொண்டார். அவர் நினைத்தபடி முழுக்க ஒதுங்க முடியவில்லை. அது பின்னால் வரும்.

ஒரு வீடு, 15 வருடம்

கான்கார்டு மக்கள் கடும் உழைப்பாளிகள். விடிந்தால் வேலை, இருட்டினால் தூக்கம். இவர்கள் இப்படி உழைப்பது எதற்காக? தோரோ கூர்ந்து கவனித்தார்.

அந்த வட்டாரத்தில் சுமாரான ஒரு வீட்டின் விலை 800 டாலர். ஒரு தொழிலாளிக்கு நாள் கூலி ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டாலும், சாப்பாட்டுச் செலவு போக 800 டாலர் மிச்சம் பிடிக்க 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். வீட்டுக்காக மனிதன் கொடுப்பது பணம் அல்ல, தன் ஆயுளில் 15 வருடம் என்று தோரோ கணக்குப் போட்டார். ஊரில் கடன் இல்லாமல் சொந்த நிலம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று வரி அதிகாரிகளிடம் விசாரித்தார். ஒரு டஜன் பேரைக்கூட அவர்களால் சொல்ல முடியவில்லை!

துணிமணியிலும் இதே கதை. தையற்காரியிடம் தமக்குப் பிடித்த மாதிரி சட்டை தைக்கச் சொன்னார். இப்போதெல்லாம் யாரும் அப்படித் தைப்பதில்லை என்று அவள் மறுத்து விட்டாள். யார் அந்த யாரும்? எங்கோ பாரிஸ் நகரத்தில் ஒருவன் தொப்பியை மாற்றிப் போட்டால், அமெரிக்காவில் இருக்கிறவன் நல்ல தொப்பியைத் தூக்கிப் போட வேண்டுமா? காலில் அடிபட்டவன் நொண்டிக்கொண்டே தெருவில் போகிறான். கால்சட்டை கிழிந்து போனவனோ வெளியே தலைகாட்டக் கூசுகிறான். இந்த வேடிக்கையை அவர் பிறகு புத்தகத்தில் எழுதினார்.

ரயில் கணக்குதான் எல்லாவற்றிலும் சுவையானது. 1844-ல் கான்கார்டுக்கு ரயில் வந்தது. ரயிலில் போனால் நேரம் மிச்சம் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். தோரோ நடந்தே போகிறவர். ஃபிட்ச்பர்க் என்ற ஊருக்கு 30 மைல். ரயில் கட்டணம் 90 சென்ட். அந்தப் பாதை போட்ட கூலிகளுக்கு ஒரு காலத்தில் நாள் ஒன்றுக்கு 60 சென்ட்தான் கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ரயில் சீட்டுக்கான காசைச் சம்பாதிக்கவே கூலிக்காரன் ஒன்றரை நாள் வேலை செய்ய வேண்டும். இன்று காலையில் நடக்கத் தொடங்குகிறவன் இரவுக்குள் ஊர் போய்ச் சேர்ந்து விடுவான். அப்படியானால் வேகமாகப் போனது யார்?

28 டாலர் வீடு

கான்கார்டில் இருந்து ஒன்றரை மைல் தூரத்தில் காட்டுக்கு நடுவே வால்டன் என்ற ஏரி. அதன் கரையில் எழுத்தாளர் எமர்சனுக்கு நிலம் இருந்தது. தோரோவைவிட 14 வயது மூத்தவர் எமர்சன். நாடறிந்த அறிஞர். தோரோவுக்கு நண்பர், வழிகாட்டி எல்லாம் அவரே. அந்த நிலத்தில் குடியிருக்க அனுமதி கொடுத்தார்.

1845 மார்ச் மாதக் கடைசியில் தோரோ கோடரி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். பைன் மரங்களை வெட்டிச் செதுக்கினார். ரயில்பாதையில் வேலை செய்த ஓர் ஐரிஷ்காரரின் பழைய குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கி, பிரித்து, பலகைகளை எடுத்துக்கொண்டார். பழைய செங்கல், பழைய ஜன்னல். வீடு எழுந்தது. 15 அடி நீளம், 10 அடி அகலம். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட்! ஹார்வர்டு கல்லூரியில் மாணவன் தங்கும் ஓர் அறைக்கே ஆண்டுக்கு 30 டாலர் வாடகை.

ஜூலை 4-ந் தேதி, அமெரிக்காவின் சுதந்திர நாள். அன்று குடிபுகுந்தார். அவருக்கு 28 வயது ஆக இன்னும் எட்டு நாள் பாக்கி.

வீட்டுக்குள் ஒரு கட்டில், ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சில சட்டி பாத்திரம். ஒரு அம்மாள் வாசலில் போடக் கால்மிதி ஒன்று கொடுக்க வந்தார். அதை உதறி வைக்க நேரம் இல்லை என்று சொல்லி, வாசல் புல்லிலேயே காலைத் துடைத்துக்கொள்வதாக வாங்க மறுத்து விட்டார். முதலில் சொன்ன மூன்று கற்களின் கதையும் இந்தக் கால்மிதியின் கதையும் ஒன்றுதான்.

இரண்டரை ஏக்கர் நிலத்தில் அவரை பயிரிட்டார். செடி வரிசைகளை எல்லாம் நீட்டி வைத்தால் 7 மைல் வரும். அதிகாலை முதல் நண்பகல்வரை களை கொத்தினார். நிலத்தில் வந்த வரவு 23 டாலர் 44 சென்ட். செலவு போக லாபம் 8 டாலர் 71½ சென்ட். சில்லறை வேலைகளுக்குப் போய் 13 டாலர் 34 சென்ட் சம்பாதித்தார். எட்டு மாதச் சாப்பாட்டுச் செலவு 8 டாலர் 74 சென்ட்.

விளைந்த அவரையை அவர் அதிகம் தின்னவில்லை. கொடுத்துவிட்டு அரிசி வாங்கினார். அமெரிக்கக் காட்டில் உட்கார்ந்து சோறு தின்றார்! இந்தியத் தத்துவங்களை நேசிக்கும் தமக்கு அரிசிதான் பொருத்தம் என்று அவருக்கு ஓர் எண்ணம். பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்தச் சிறு வீட்டில் அவருக்குத் துணையாக இருந்தது.

இப்படி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தில் அவர் கண்ட முடிவு இது. ஆண்டில் சுமார் ஆறு வாரம் கையால் உழைத்தால் போதும். ஒரு மனிதனின் உணவு, உடை, விறகு, வீடு எல்லாவற்றுக்கும் அது சரியாகப் போகும்.

மீதி 46 வாரம்

அப்படியானால் மிச்சமுள்ள 46 வாரம் என்ன செய்வது? ஊரார் கேட்ட கேள்வி இதுதான். வேலை இல்லாவிட்டால் மனிதன் கெட்டுப் போவான், குடிப்பான், திண்ணையில் படுத்துக் கிடப்பான் என்பது அவர்கள் பயம்.

தோரோவும் சில நாள் சும்மா இருந்தார். கோடைக் காலத்தில் ஏரியில் குளித்து விட்டு, காலை முதல் உச்சிப்பொழுதுவரை வாசலில் வெயிலில் உட்கார்ந்திருப்பார். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் எல்லா நாளும் அப்படிப் போகவில்லை.

வால்டன் ஏரிக்கு அடியே கிடையாது என்று ஊரில் ஒரு கதை உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை. எல்லாருக்கும் வேலை! 1846-ல் தோரோ உறைந்த ஏரி மேல் நடந்து போய், பனிக்கட்டியில் துளை போட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நூறு இடத்துக்கு மேல் அளந்தார். ஆழமான இடம் 102 அடி. பிற்காலத்தில் கருவி வைத்து அளந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் வந்தது.

ஏரியில் படகு விட்டுப் புல்லாங்குழல் வாசித்தார். எறும்புச் சண்டையை மணிக்கணக்கில் பார்த்தார். இறந்து போன அண்ணனோடு ஆற்றில் படகுப் பயணம் போனதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். காட்டு வாழ்க்கை பற்றி இன்னொரு புத்தகத்தையும் தொடங்கினார். நண்பர்கள் வந்தார்கள். இவரும் ஊருக்குப் போய்த் தாயார் வீட்டிலும் எமர்சன் வீட்டிலும் சாப்பிட்டார். முனிவர் போல மறைந்து வாழ்ந்தார் என்று சிலர் சொல்வது தவறு.

ஒரு மழை நாளில் ஓர் ஐரிஷ் கூலிக்காரரின் குடிசையில் ஒதுங்கினார். மனைவியும் பல பிள்ளைகளும் உள்ள ஏழை. பக்கத்துப் பண்ணையாருடைய சதுப்பு நிலத்தைக் கொத்தித் திருப்ப, ஏக்கருக்கு 10 டாலர் கூலி. தேநீர், காபி, வெண்ணெய், இறைச்சி எல்லாம் அமெரிக்காவில் தினமும் கிடைக்கிறதே என்று அவருக்குப் பெருமை. தோரோ அவருக்குக் கணக்குச் சொன்னார். இவற்றை வாங்க நீ மாடாய் உழைக்கிறாய். மாடாய் உழைப்பதால் அதிகம் தின்ன வேண்டி இருக்கிறது. இரண்டையும் விட்டால் நீ சுதந்திரமானவன் என்பது கணக்கின் சாரம். கணவன் பெருமூச்சு விட்டார். மனைவி இடுப்பில் கை வைத்து விழித்தாள்.

இங்கே தோரோவின் பேச்சு எடுபடவில்லை. எடுபடாததில் ஆச்சரியமும் இல்லை. அவர் பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். குடியிருந்த நிலம் நண்பருடையது. பசித்தால் தாயார் வீடு நடந்து போகிற தூரம். அந்த ஐரிஷ்காரரோ கடல் கடந்து பிழைக்க வந்தவர். தேநீரும் வெண்ணெயும் அவர் வீட்டுக்குப் புதிதாக வந்த சுகம். அதை விட்டுவிடு என்று சொல்வது சுலபம்.

காட்டுத் தீ

காட்டை நேசித்த தோரோ காட்டையே ஒரு முறை கொளுத்தி விட்டார்! வால்டனுக்குக் குடி போவதற்கு முந்திய ஆண்டு, 1844 ஏப்ரலில், நண்பர் ஒருவருடன் போய் மீன் சுட நெருப்பு மூட்டினார். காய்ந்த புல்லில் தீ பற்றியது. சுமார் 300 ஏக்கர் காடு எரிந்தது. காட்டுக்குச் சொந்தக்காரர்கள் பல வருடம்வரை அவரைக் காணும்போதெல்லாம் குத்திக் காட்டினார்கள். சோம்பேறி என்று அவரை ஊர் ஏசியதற்கு இப்படி ஒரு காரணமும் இருந்தது.

பனிக்கட்டி மலை

1846-ம் ஆண்டு முடிந்து குளிர்காலம். ஏரி கல்லாக உறைந்து கிடந்தது. ஒரு நாள் காலை நூறு ஆட்கள் வந்து இறங்கினார்கள். கையில் ரம்பம், கடப்பாரை, கொக்கி. கூடவே குதிரைகள். பனிக்கட்டி வியாபாரி ஒருவர் அனுப்பிய ஆட்கள்.

அக்காலத்தில் ஐஸ் செய்யும் எந்திரம் பரவவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பலில் ஏற்றி உலகம் முழுவதும் விற்றார். 1833-ல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக்கும் வந்தது. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று வட்ட வடிவக் கட்டடம் இருக்கிறதே, அது இந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டியதுதான். பின்னால் 1897-ல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர்.

வால்டன் ஏரியில் பதினாறு நாள் வேலை நடந்தது. நல்ல நாளில் ஆயிரம் டன் வெட்டினார்கள். ஏரியில் விழுந்து நனைந்தவர்கள் தோரோ வீட்டுக்கு வந்து அடுப்பருகே குளிர் காய்ந்தார்கள். வெட்டிய கட்டிகளைக் கரையில் அடுக்கினார்கள். 35 அடி உயரம்! வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். அடுக்கி வைத்தது சுமார் பத்தாயிரம் டன் என்று மதிப்பு.

தோரோ ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குளிக்கிற ஏரியின் தண்ணீரை வியர்த்து வடியும் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். காலையில் கீதை படித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார். அங்கே கங்கைக் கரை அந்தணரின் பணியாளும் தண்ணீர் எடுக்க வந்திருப்பதாகக் கற்பனை செய்வார். இரண்டு குடமும் ஒரே கிணற்றில் உரசிக்கொள்வது போல அவருக்குத் தோன்றும்.

அந்தப் பனிக்கட்டி மலை என்ன ஆயிற்று? 1847 ஜூலையில் மூடியைப் பிரித்து ஒரு பகுதியை எடுத்துப் போனார்கள். மிச்சத்தைக் கேட்க ஆள் வரவில்லை. அது அப்படியே வெயிலில் நின்றது. அந்தக் கோடை போயிற்று. அடுத்த குளிர்காலமும் போயிற்று. 1848 செப்டம்பரில்தான் முழுக்கக் கரைந்தது. நூறு பேர் பதினாறு நாள் ரம்பம் போட்டு வெட்டிய தண்ணீரில் பெரும்பகுதி திரும்ப ஏரிக்கே ஓடி வந்துவிட்டது!

ஒரு நாள் ஜெயில்

வால்டனில் இருந்தபோதுதான் ஜெயிலுக்கும் போனார். 1846 ஜூலையில் செருப்பு தைக்கக் கொடுத்ததை வாங்க ஊருக்குள் போனார். வழியில் ஜெயில் அதிகாரி பிடித்துக்கொண்டார். பல ஆண்டாகத் தோரோ தலைவரி கட்டவில்லை. அடிமை முறையைக் காப்பாற்றுகிற அரசாங்கத்துக்கு, மெக்சிகோ மேல் படையெடுத்த அரசாங்கத்துக்கு வரி கிடையாது என்பது அவர் கொள்கை. ஓர் இரவு ஜெயிலில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட்டார்கள். காலையில் வெளியே வந்து, செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஹக்கிள்பெரி பறிக்கப் புறப்பட்ட கூட்டத்தோடு குன்றுக்குப் போய்விட்டார். ஹக்கிள்பெரி என்பது களாப்பழம் போலக் கறுத்த சிறு காட்டுப்பழம்.

அந்த ஓர் இரவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1849-ல் அச்சாயிற்று. அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய காந்தியடிகள், 1907-ல் அதன் பகுதிகளைத் தமது இந்தியன் ஒப்பினியன் பத்திரிகையில் வெளியிட்டார்.

தோரோவின் வீட்டார் எல்லாரும் அடிமை முறையை எதிர்த்தவர்கள். தெற்கில் இருந்து தப்பி வரும் அடிமைகளுக்கு அவர்கள் வீட்டில் இடம் கிடைத்தது. 1851-ல் அப்படி வந்த ஒருவரைத் தோரோவே ரயிலேற்றிக் கனடாவுக்கு அனுப்பி வைத்தார். பிடிபட்டால் தண்டனை. ஊரில் ஓய்வு உள்ள மனிதர் அவர் ஒருவர்தான் என்று கேலி செய்தார்களே, அந்த ஓய்வு இதற்கும் பயன்பட்டது.

700 புத்தகங்கள்

இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் கழித்து 1847 செப்டம்பர் 6-ந் தேதி வால்டனை விட்டு வந்தார். அதன்பின் நில அளவை வேலை செய்து பிழைத்தார். துல்லியமாக அளப்பார் என்று பெயர். வேண்டிய அளவு வேலை, மற்ற நேரம் காடு.

அண்ணனோடு போன படகுப் பயணப் புத்தகம் 1849-ல் வெளிவந்தது. ஆயிரம் பிரதிகள். விற்காவிட்டால் நஷ்டம் ஆசிரியருக்கு என்று ஒப்பந்தம். 1853-ல் விற்காத 706 பிரதிகளும் வண்டியில் வீட்டுக்கு வந்து இறங்கின! மாடிக்குச் சுமந்து ஏற்றினார். அவர் வீட்டில் இருந்த சுமார் 900 புத்தகங்களில் 700-க்கு மேல் அவரே எழுதியவை.

கடனை அடைக்க என்ன செய்தார்? பென்சில்! வேண்டாம் என்று ஒதுங்கிய அதே பென்சில். நூறு டாலர் கடனுக்காக ஆயிரம் டாலர் பெறுமான பென்சில்களைச் செய்து, அவற்றையும் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டார். வீண் உழைப்பு கூடாது என்றவரையும் வீண் உழைப்பு விடவில்லை.

பென்சில் பற்றி இன்னொரு வேடிக்கை. 12 நாள் காட்டுப் பயணத்துக்கு வேண்டிய சாமான்களைத் தோரோ ஒன்று விடாமல் பட்டியல் போட்டு வைத்தார். நூல், ஊசி, குண்டூசிகூட உண்டு. எப்போதும் அவர் சட்டைப்பையில் இருந்த பென்சிலை மட்டும் மறந்துவிட்டார்!

காட்டு வாழ்க்கை பற்றிய வால்டன் என்ற புத்தகம் 1854-ல் வந்தது. அச்சிட்டது 2,000 பிரதி. விற்றுத் தீர சுமார் ஐந்து ஆண்டு ஆயிற்று. இன்று உலகத்தில் பல மொழிகளில் அது கிடைக்கிறது.

பூக்களின் கணக்கு

நாட்கள் போகப் போக அவர் நடையும் குறிப்பும் அதிகமாயின. தினமும் நாலு மணி நேரமாவது நடப்பார். எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது, எந்தப் பறவை எப்போது வந்தது என்று எழுதுவார். ஒரு பூ மலரும் நாளைப் பார்க்கப் பல மைல் நடந்து போய்த் திரும்பி, மறுபடி போவார். இதற்கு யாரும் சம்பளம் தரவில்லை. இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டவர்கள் உண்டு. நண்பர் எமர்சனுக்கே வருத்தம். பெரிய காரியங்களைச் செய்யத் திறமை உள்ளவர், சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு ஹக்கிள்பெரி பறிக்கப் போவதோடு நின்றுவிட்டாரே என்று குறைப்பட்டார்.

அவருடைய நாட்குறிப்பில் ஏறக்குறைய இருபது லட்சம் சொற்கள் உள்ளன. 1906-ல் பதினான்கு பாகங்களாக அச்சாயிற்று. தோரோ 1852 முதல் 1858 வரை குறித்து வைத்த பூக்கும் தேதிகளைப் பாஸ்டன் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் எடுத்து, அதே கான்கார்டில் அதே செடிகள் இப்போது எப்போது பூக்கின்றன என்று ஒப்பிட்டார்கள். சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே பூக்கின்றன என்று 2008-ல் வெளியிட்டார்கள். பூமி சூடாகி வருவதற்கு அந்த நாட்குறிப்பு ஒரு சாட்சி ஆகிவிட்டது.

1859-ல் தந்தை இறந்தார். குடும்பத் தொழிலைத் தோரோ கவனிக்க வேண்டியதாயிற்று. 1860 டிசம்பரில், வெட்டிய மரங்களின் வளையங்களைக் கடுங்குளிரில் எண்ணிக்கொண்டிருந்தபோது சளி பிடித்தது. ஏற்கெனவே நெஞ்சில் இருந்த காசநோய் முற்றியது. மினசோட்டாவுக்குப் போய்ப் பார்த்தார். குணமாகவில்லை. எழுந்து நடமாட முடியாமல் போன பிறகும், தங்கை சோபியா உதவியோடு கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவரை ஜெயிலில் பூட்டியவர் பார்க்க வந்தார். இவ்வளவு அமைதியாகச் சாகிற மனிதரைக் கண்டதில்லை என்று எமர்சனிடம் போய்ச் சொன்னார்.

1862 மே 6-ந் தேதி காலையில் தோரோ இறந்தார். வயது 44. மூன்றாம் நாள் சவ அடக்கம். கான்கார்டு கோயில் மணி 44 முறை அடித்தது. ஊர்ப் பள்ளிகளின் மேற்பார்வையாளர் தோரோவின் நண்பர் ஆல்காட். பிள்ளைகள் வருவதற்காக அவர் பள்ளிக்கூடங்களை முன்னதாகவே விட்டுவிட்டார். பிரம்பெடுக்க மறுத்த அந்த இரண்டு வார வாத்தியாரின் சவ ஊர்வலத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடந்து போனார்கள். எந்தக் குன்றில், எந்தப் புதரில் ஹக்கிள்பெரி நன்றாகப் பழுத்திருக்கும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.